ஆனை உருண்டை, பூனை உருண்டை

“உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு என்ன விளையாட்டு?” என்று போன இதழில் கேட்டிருந்தோம். நிறையப் பேர் விளையாட்டை எழுதினீர்கள், அதைவிட நிறையப் பேர் சந்தேகத்தை எழுதினீர்கள். இப்படிச் செய்யலாமா, பிள்ளை கெட்டுப் போகுமா, மாமியார் திட்டுகிறாரே, வீட்டுக்காரர் முறைக்கிறாரே என்று. அந்தச் சந்தேகங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு. சோற்றையும் மீன் குழம்பையும் ஒரே சட்டியில் போட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பேன், இரண்டு பேரும் கையை நீட்டுவார்கள், கையில் வைப்பேன். பெரிய உருண்டை ஆனை, சின்னது பூனை, உள்ளே மீன் ஒளிந்திருந்தால் முதலை. யாருக்கு எது வரும் என்று முன்னாலேயே தெரியாது. சிரித்துக்கொண்டே சாப்பிட்டு முடிப்பார்கள். “ஏழு வயசுப் பயலுக்கு இன்னுமா ஊட்டுறது, நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போனா என்ன செய்வான்?” என்கிறார் என் மாமியார். இப்போது மனைவியும் அதையே சொல்கிறாள். நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள். உங்கள் மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், நீங்கள் செய்வதற்குப் பெயர் ஊட்டுவது இல்லை. நீங்கள் கையில் வைக்கிறீர்கள், வாயில் போட்டுக்கொள்வது அவன். வேண்டாம் என்றால் அவனால் கையை இழுத்துக்கொள்ள முடியும். இந்த ஒன்று இருக்கிற வரைக்கும் அந்தச் சட்டியைச் சுற்றி நடக்கிற எந்த விளையாட்டுக்கும் நான் கட்சி. இது போய், ஓடுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, வாயைத் திறக்க வைத்து, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று உள்ளே தள்ளும்போதுதான் பிரச்சினை. அங்கே ஆனை, பூனை என்று என்ன பெயர் வைத்தாலும் அது விளையாட்டு ஆகாது.

சட்டிச்சோற்றுக்கு நம் ஊர்களில் வயது வரம்பு என்று ஒன்று எப்போதுமே இருந்தது கிடையாது. மீன் குழம்போ வத்தக்குழம்போ வைத்த மண்சட்டியில் எல்லாரும் ஊற்றிக்கொண்டது போக அடியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதில் சுடுசோற்றைப் போட்டுப் புரட்டி எடுத்தால் கல்யாணம் ஆன பிள்ளைகள்கூட வந்து கையை நீட்டுவார்கள். தயிர்ச்சோற்றுக்கு இன்னொரு முறை உண்டு. பாட்டி நடுவில் உட்கார்ந்து பிசைய, பேரன் பேத்திகள் சுற்றி உட்கார, உள்ளங்கையில் வந்து விழுந்த உருண்டையில் பெருவிரலால் ஒரு குழி போட்டு அதில் கொஞ்சம் வத்தக்குழம்பு வாங்கிக்கொள்ள வேண்டும், முழங்கை வரை வழிவதற்குள் வாயில் போட்டுவிட வேண்டும். தன் முறை வரும் வரை காத்திருக்க, பக்கத்தில் இருப்பவனுக்குப் பெரிய உருண்டை போனால் பொறுத்துக்கொள்ள, அடுத்த சுற்றில் கேட்டு வாங்க, எல்லாவற்றையும் பிள்ளைகள் அங்கே தானாகப் பழகினார்கள். தனித்தனித் தட்டில் போட்டுக் கொடுத்து “பேசாம சாப்பிடு” என்று சொல்வதில் இதெல்லாம் வராது.

இனி மாமியார் கேள்விக்கு. எட்டு, ஒன்பது மாதத்திலேயே பிள்ளைகள் விரலால் எடுத்து வாயில் வைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒன்றரை வயது வாக்கில் கரண்டியையும் பிடித்துப் பார்ப்பார்கள், சிந்தும், பரவாயில்லை. ஏழு வயதுப் பையன் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் தானே சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறான், ஆக அவனுக்குச் சாப்பிடத் தெரியாது என்ற பயம் தேவையில்லை. தெரியாமல் இருக்கக்கூடியது பிசைவதும் முள் எடுப்பதும். சோற்றை எவ்வளவு மசிக்க வேண்டும், எவ்வளவு குழம்பு விட்டால் உருண்டை நிற்கும், எவ்வளவு விட்டால் ஓடும் என்று. அதனால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் சட்டியை அவனிடம் கொடுங்கள். அவன் பிசையட்டும், நீங்கள் கையை நீட்டுங்கள், முதல் உருண்டை மாமியாருக்குப் போகட்டும். ஆனை வேண்டுமா பூனை வேண்டுமா என்று அவன் அவரைக் கேட்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. முதலை உருண்டையில் நெய்மீன் துண்டை உதிர்த்து, விரலால் தடவிப் பார்த்து வையுங்கள். சாளை வாங்கிய நாளில் முதலை வேண்டவே வேண்டாம். பொடிமுள் சோற்றுக்குள் ஒளிந்துகொண்டால் நாலு வயதுப் பிள்ளைக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது.

கேள்வி (வாசகி, சேலம்): மகளுக்கு இரண்டு வயது ஆகப் போகிறது. ஃபோனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள். ஃபோன் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் நிலாவைக் காட்டி, காக்காவைக் காட்டித்தானே எங்களையும் வளர்த்தார்கள்? அதுவும் கவனத்தைத் திருப்புகிற வேலைதானே? ஃபோன் மட்டும் என்ன பாவம் செய்தது?

பதில்: நல்ல கேள்வி. பலரும் நிலாவை உயர்த்திப் பேசிவிட்டு ஃபோனைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை.

இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற அம்மா என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். நிலாவைக் காட்டுகிறார், பிள்ளை பார்க்கிறது, திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கிறது, ஏதோ ஒரு சத்தம் போடுகிறது, அதற்கு அம்மா பதில் சொல்கிறார், நடுவில் ஒரு வாய் சோறு போகிறது. “காக்காவுக்கு ஒரு வாய் கொடுப்போமா?” என்றால் பிள்ளையே தன் கையால் எடுத்துப் போடுகிறது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் அந்தக் கணமே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நிலா எங்கேயும் ஓடாது, அடுத்த காட்சிக்கு இழுத்துக்கொண்டு போகாது. ஃபோனில் பாட்டு ஓடும்போது பிள்ளை உங்களையும் பார்ப்பதில்லை, சோற்றையும் பார்ப்பதில்லை. வாய் மட்டும் தானாகத் திறக்கிறது. வயிறு நிறைந்தது அதற்கே தெரிவதில்லை, உங்களுக்கும் தெரிவதில்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பிள்ளையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, எதிரே ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்காமல் இருக்க அந்த வயதில் யாராலும் முடியாது.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மழுப்ப விரும்பவில்லை. நிலாவைக் காட்டி, பிள்ளை அசந்த நேரம் பார்த்து வாய்க்குள் திணித்தவர்களும் இருந்தார்கள். அதுவும் தவறுதான். நிலாவாக இருந்ததால் சரியாகிவிடாது.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் ஊட்டுகிறோம்? பிள்ளை போதுமான அளவு சாப்பிடவில்லை என்ற பயம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடும், அதாவது மூன்று மடங்கு. ஆனால் அடுத்த ஒரு வருடம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகமே குறைந்துவிட்டதால் பசியும் குறைகிறது. முதல் வருடம் நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை இரண்டாம் வருடம் தட்டைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அங்கன்வாடியிலோ டாக்டரிடமோ எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்துக்கொண்டு வாருங்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால், ஒரு வேளை நாலு வாயோடு எழுந்து போனாலும் கவலைப்படாதீர்கள். கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, விளையாட்டு எதையும் தேடாமல் டாக்டரிடம் போங்கள்.

ஃபோனை நிறுத்துவது எப்படி? ஒரே நாளில் நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக என்று போனால் ஒவ்வொரு வேளையும் சண்டையாகத்தான் முடியும். முதல் சில நாள் அழுவாள், குறைவாகச் சாப்பிடுவாள், அடுத்த வேளையில் ஈடு செய்துகொள்வாள். நடுவில் பிஸ்கட், பால் என்று கொடுத்து அந்தப் பசியைக் கெடுத்துவிடாதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் சோற்றோடு உட்கார வைக்க வேண்டாம். நீங்களும் கூடவே உட்கார்ந்து உங்கள் தட்டில் சாப்பிடுங்கள், இது முக்கியம். உள்ளங்கையைப் பிடித்துப் பருப்பு கடைந்து, அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம், பாப்பாவுக்குக் கொஞ்சம் என்று விரல் விரலாகப் பங்கு வைத்து, நண்டு ஊருது நரி ஊருது என்று கக்கம் வரை போய்க் கிச்சுக்கிச்சு மூட்டுகிற விளையாட்டைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் சோறு இருக்கும்போது கிச்சுக்கிச்சு கூடாது.

கேள்வி (வாசகி, காரைக்குடி): ஒன்றரை வயது மகன் தட்டில் இருப்பதை எல்லாம் அளைந்து, தலையில் தேய்த்து, தரையில் போட்டு, அப்புறம் கொஞ்சம் சாப்பிடுகிறான். எனக்கு அது பிடித்திருக்கிறது. என் மாமனார் எண்பதை நெருங்குகிறார். “சோத்துல விளையாடக் கூடாது” என்று கோபப்பட்டு எழுந்தே போய்விடுகிறார். இரண்டு பேரையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: இரண்டு பேர் பக்கமும் நிற்கிறேன்.

உங்கள் மகனுக்கு இப்போது சோறு புதுப் பொருள். சூடா, பிசுபிசுப்பா, நசுங்குமா, ஒட்டுமா என்று கையால் தெரிந்துகொண்டால்தான் வாயில் வைக்கத் துணிச்சல் வரும். இதைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். குறுகுறுவென்று நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, கலத்தில் இருப்பதைக் கீழே இட்டு, தொட்டு, வாயால் கவ்வி, கையால் துழாவி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிற பிள்ளை. பலரோடு உட்கார்ந்து உண்ணும் பெருஞ்செல்வர் வீட்டுப் பந்தியில் நடக்கிறது இது. அப்படிப்பட்ட பிள்ளை இல்லாதவர்கள் வாழும் நாளுக்குப் பயன் இல்லை என்று அந்தப் பாட்டு முடிகிறது, அந்த முடிவை நான் ஏற்க மாட்டேன், பிள்ளை இல்லாதவர்கள் மனதைப் புண்படுத்துகிற பேச்சு அது. ஆனால் ஒரு ராஜா இவ்வளவு உன்னிப்பாக ஒரு குழந்தை சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார், துடைக்கச் சொல்லி ஆளைக் கூப்பிடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இப்போது மாமனார். எண்பதை நெருங்குகிறவர் என்றால் 1960-களில் அவர் பள்ளிப் பையன், வாலிபன். அரிசிக்கு அல்லாடிய காலம் அது. 1967 தேர்தலில் “ரூபாய்க்கு மூன்று படி அரிசி” என்பது ஆட்சியையே மாற்றுகிற அளவுக்குப் பெரிய வாக்குறுதியாக இருந்தது என்றால் அன்றைக்கு வீடுகளில் அரிசிப்பானை எப்படி இருந்திருக்கும்? அப்படி வளர்ந்தவர் கண் முன்னால் தரையில் சோறு கிடந்தால் அவருக்கு வலிக்கும். அந்த வலிக்கு நீங்கள் மரியாதை கொடுத்தே ஆக வேண்டும்.

அதனால், தட்டு நிறையப் போடாதீர்கள். இரண்டு கரண்டி மட்டும் போடுங்கள், தீர்ந்தால் இன்னும் இரண்டு. கீழே சுத்தமான ஒரு துணி விரித்துவிடுங்கள், விழுந்தது காக்காய்க்கோ கோழிக்கோ போகட்டும், குப்பையில் போகிறது என்ற வருத்தம் அவருக்கு இருக்காது. தூக்கி எறிந்தால் மட்டும் “போதுமா?” என்று ஒரு முறை கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். அளைவது வேறு, எறிவது வேறு, ஒன்றரை வயதில் அந்த வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பிக்கும். மூன்று நாலு வயதான பிறகும் சோற்றைத் தலையில் தேய்த்தால் அப்போது மாமனார் சொல்கிறபடி செய்யுங்கள். அந்த நாள் அரிசிக் கதையையும் அவரிடமே கேளுங்கள், சாப்பிடும்போது சொல்லச் சொல்லுங்கள். கோபமாக எழுந்து போகிறவருக்கு உட்கார ஒரு காரணம் வேண்டும்.

கேள்வி (வாசகி, மதுரை): ஆறு வயதிலும் மூன்று வயதிலும் பையன்கள். “யார் முதல்ல முடிக்கிறது?” என்று என் கணவர் தினமும் பந்தயம் விடுகிறார். தட்டு காலியாகிறது என்பது உண்மை. ஆனால் சின்னவன் தோற்று அழுகிறான். போன வாரம் அவசரத்தில் இட்லித் துண்டு சிக்கி, முகம் சிவந்து, இருமித் துப்பினான். பயந்துவிட்டேன்.

பதில்: இந்தப் பந்தயத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வேகமாகச் சாப்பிட்டு ஜெயிப்பதற்கு ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது மெல்லாமல் விழுங்குவதைத்தான். மூன்று வயதில் பின் பற்கள் முழுதாக வேலை செய்யப் பழகியிருக்காது, மூச்சுக்குழலும் சின்னது.

இது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிக்கிக்கொண்ட பிள்ளை இருமிக்கொண்டோ அழுதுகொண்டோ இருந்தால் இரும விடுங்கள், முதுகில் தட்டாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். சத்தமே வரவில்லை, இரும முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் நேரம் கடத்தக் கூடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளியே வரவில்லை என்றால் பின்னால் இருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே கைமுட்டியை வைத்து உள்நோக்கி மேல்பக்கமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். வரும் வரை இதை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், கூட இருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவி எடுக்கப் போனால் இன்னும் உள்ளே போய்விடும். வாய்ப்புக் கிடைத்தால் முதலுதவிப் பயிற்சியில் நேரிலேயே பழகிக்கொள்ளுங்கள். முழு வேர்க்கடலை, முழு திராட்சை எதுவும் நாலைந்து வயது வரை வேண்டாம், கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள்.

போட்டிதான் வேண்டும் என்றால் உங்கள் கணவருக்கு வேறு போட்டி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ரசத்தை ஒரு வாய் குடித்து, தக்காளி ரசமா, எலுமிச்சை ரசமா, மிளகு ரசமா என்று சொல்ல வேண்டும். சாம்பாரில் எந்தக் காய் என்று நாக்கால் கண்டுபிடிக்க வேண்டும். இதில் மெதுவாகச் சாப்பிடுகிறவன்தான் ஜெயிப்பான், பெரும்பாலும் சின்னவன். குழல் அப்பளத்தைப் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடிப்பதைப் பார்த்தால் அவரே பந்தயத்தை மறந்துவிடுவார்.

கேள்வி (வாசகி, கோயம்புத்தூர்): “ரெண்டு வாய் கீரை தின்னா ஒரு சாக்லேட்” என்று பேரம் பேசித்தான் ஐந்து வயது மகளைக் கீரை சாப்பிட வைக்கிறேன். விளையாட்டாகத்தான் போகிறது. ஆனால் பேரம் ஏறிக்கொண்டே போகிறது, இப்போது இரண்டு சாக்லேட் கேட்கிறாள்.

பதில்: ஏறத்தான் செய்யும். கீரை ஒரு தண்டனை, சாக்லேட் அதற்குக் கூலி என்று நீங்களே அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். ஒன்றைச் சாப்பிட்டால் பரிசு என்று வைத்தால் அந்தப் பண்டத்தின் மேல் பிள்ளைகளுக்கு விருப்பம் குறைகிறது என்று அமெரிக்காவில் லீயன் பிர்ச் என்ற உளவியலாளர் 1980-களிலேயே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். பரிசை எடுத்துவிடுங்கள்.

இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதிய பண்டத்தைக் கண்டால் தயங்குவது இயல்பு. ஒரு காயைப் பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். நாம் மூன்றாவது முறையிலேயே “இவளுக்குப் பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். கொஞ்சமே கொஞ்சம் வையுங்கள், சாப்பிடு என்று சொல்லாதீர்கள், நீங்கள் ரசித்துச் சாப்பிடுங்கள்.

கீரையை அவளே ஆய்ந்து தரட்டும். மத்தைக் கொடுத்துக் கடையச் சொல்லுங்கள், கை வலிக்கக் கடைந்ததை ருசி பார்க்காமல் விட மாட்டாள். முருங்கைக்காய் வாங்குங்கள், ஒரு காயே விளையாட்டாக இருக்கிறது என்றால் அது முருங்கைக்காய்தான். பிளந்து, பல்லால் சுரண்டி, சப்பி, சக்கையை வரிசையாக அடுக்கி, யார் சக்கை சுத்தமாக இருக்கிறது என்று பார்க்கலாம். சாக்லேட்டை வேறொரு நாள், எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுங்கள்.

கேள்வி (வாசகி, திருப்பூர்): பனியன் கம்பெனியில் வேலை, வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகிவிடும். அதற்குள் என் அம்மா பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிடுவார். மற்றவர்கள் எழுதுகிற விளையாட்டெல்லாம் படிக்கும்போது அழுகை வருகிறது.

பதில்: அழாதீர்கள். உங்கள் அம்மா நேரத்துக்குச் சோறு போடுவது பெரிய விஷயம், அதை மாற்றிப் பிள்ளைகளை ஒன்பது மணி வரை பசியோடு வைக்காதீர்கள். நீங்கள் வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும் பிள்ளைகள் உங்களுக்கு ஊட்டட்டும். ஆளுக்கு ஒரு வாய், அன்றைக்கு நடந்த ஒரு சேதி. வாய் நிறைய இருப்பதால் உங்களால் கேள்வி கேட்க முடியாது, அவர்கள்தான் பேச வேண்டும். காலையில் கிளம்பும் முன் இட்லியை ஆளுக்குப் பாதி பிய்த்துக்கொள்கிற ஐந்து நிமிடம் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். ராத்திரிச் சாப்பாடுதான் குடும்பச் சாப்பாடு என்று யாரும் சட்டம் போடவில்லை.

கேள்வி (வாசகர், திருச்சி): மகளுக்குப் பதினாலு வயது. சின்ன வயதில் என் தட்டிலிருந்து அப்பளத்தைத் திருடுவாள், நான் துரத்துவேன், வீடே சிரிக்கும். இப்போது தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாள். அப்பளத்தை நீட்டினால் “போங்கப்பா” என்கிறாள்.

பதில்: “போங்கப்பா” என்பது பதினாலு வயதில் பாசமான வார்த்தைதான். ஆனால் அறைக்குள் போவதற்குக் காரணம் இருக்கும். ஒன்று கேட்கிறேன். சாப்பிட உட்கார்ந்ததும் உங்கள் வீட்டில் முதலில் வருகிற பேச்சு என்ன? மார்க், டியூஷன், பக்கத்து வீட்டுப் பெண் எடுத்த ரேங்க் என்றால் நானாக இருந்தாலும் தட்டோடு எழுந்து போய்விடுவேன். நம் வீடுகளில் பெரிய பிள்ளைகளைத் தனியாகப் பிடிக்க முடிகிற ஒரே நேரம் சாப்பாட்டு நேரம் என்பதால் எல்லா விசாரணையையும் அங்கேயே வைத்துவிடுகிறோம். பாவம், சோறு தொண்டையில் இறங்காது. சாப்பிடும்போது படிப்புப் பேச்சு கிடையாது என்று நீங்கள் வாயால் சொல்லுங்கள், உங்கள் மனைவியும் அதைக் காப்பாற்றட்டும், உங்கள் ஃபோனும் வேறு அறையில் இருக்கட்டும். உடம்பைப் பற்றிய பேச்சும் வேண்டாம். குண்டாகிவிட்டாய், இளைத்துவிட்டாய், இன்னொரு தோசையா என்று எதுவும். அந்த வயதுப் பெண்ணுக்கு அது நேராக உள்ளே போய்த் தைக்கும்.

பழைய அப்பளத் திருட்டைத் திரும்பக் கொண்டுவர முயற்சி செய்யாதீர்கள், அவளுக்கு அது கூச்சமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தோசைக்கல்லை அவளிடம் கொடுங்கள். நீங்கள் ஒவ்வொரு தோசைக்கும் முறுகல், பொடி, வெங்காயம், கல்தோசை என்று மாற்றி மாற்றி ஆர்டர் கொடுங்கள், அவள் திட்டட்டும். முடிந்ததும் நீங்கள் எழுந்து அவளுக்கு வார்த்துப் போடுங்கள், அவள் ஆர்டர் கொடுக்கட்டும். அடுப்படியில் நின்றுகொண்டே கல்லிலிருந்து பிய்த்துத் தின்பது மேஜையில் உட்கார்வதைவிட அந்த வயதுக்குச் சுலபமாக இருக்கும். எதிரெதிரே முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

கேள்வி (வாசகி, ராமநாதபுரம்): கணவர் துபாயில் இருக்கிறார். ஐந்து வயது மகன் அப்பாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே சாப்பிட ஆசைப்படுகிறான். சாப்பிடும்போது ஃபோன் கூடாது என்று நீங்களே எழுதுகிறீர்கள். என்ன செய்ய?

பதில்: தாராளமாகப் பேசட்டும். நான் வேண்டாம் என்பது தானாக ஓடிக்கொண்டிருக்கிற திரையை. அப்பா பதில் சொல்கிறார், காத்திருக்கிறார், சிரிக்கிறார், அது வேறு. கைக்குழந்தைகளுக்குத் திரை கூடாது என்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமிகூட வீடியோவில் சொந்தக்காரர்களோடு பேசுவதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது.

நம் நேரத்துக்கு துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே எட்டரை என்றால் அங்கே ஏழு, அவர் வேலை முடித்து அறைக்கு வந்திருக்க வேண்டும், அதனால் தினமும் என்று வைத்துக்கொள்ளாமல் அவருக்கு ஓய்வான நாட்களில் செய்யுங்கள். ஃபோனை மகன் கையில் கொடுக்காமல் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வையுங்கள். அங்கே அவரும் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும், சும்மா பார்த்துக்கொண்டு “ஒழுங்கா சாப்பிடு, அம்மா பேச்சைக் கேளு” என்று மட்டும் சொன்னால் பையன் இரண்டு நாளில் அலுத்துப்போவான். அப்பா தட்டில் என்ன, என் தட்டில் என்ன என்று ஒப்பிடட்டும், ஒரே நேரத்தில் இரண்டு பேரும் அப்பளத்தை நொறுக்கட்டும். அறையில் நாலைந்து பேர் சேர்ந்து முறை வைத்துச் சமைப்பவர்களாக இருந்தால் இன்றைக்கு யார் சமையல், உப்பு சரியா என்று மகனே கேட்கட்டும். அவருடைய முறை வருகிற நாளை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு உங்கள் வீட்டிலும் அதே குழம்பை வையுங்கள்.